கவனிப்பாரற்ற தெருப் பூங்காவை மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் மற்ற ஊர்களிலும் குடியிருப்போர் நலச் சங்கத்தார், கவுன்சிலர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலர் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம், திட்டம் பற்றிய விவரங்கள் தமிழ்நாட்டை வைத்துச் சொல்லப்பட்டவை. வெளிநாட்டுப் பூங்காக்கள் சிலவும் நடுவில் வரும். அங்கே நடந்தவை நமக்கும் பயன்படும் என்பதால் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் தெருப் பூங்கா பாழாகிக் கிடக்கிறது. முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

யாரையும் பார்க்கும் முன் பூங்காவைப் பாருங்கள். விடிகாலை, பள்ளி விடும் நேரம், உச்சிவெயில், விளக்கு வைத்த பிறகு என்று வெவ்வேறு நேரங்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். வேலை நாளும் ஞாயிறும் ஒன்றுபோல் இருக்காது, இரண்டையும் பாருங்கள். யார் வருகிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எந்த மூலையைச் சுற்றிக்கொண்டு விலகிப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள தெருக்களில் குடியிருந்தும் பூங்காவுக்குள் கால் வைக்காதவர்கள் யார் என்பதை அதைவிடக் கவனமாகக் குறிக்க வேண்டும். பின்னாலிருக்கும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளா, வீட்டு வேலை முடித்துப் போகும் பெண்களா, கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர்களா?

இந்தக் குறிப்பு கையில் இல்லாமல் மண்டல அலுவலகத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். பேவர் பிளாக் நடைபாதை, எட்டு வடிவப் பாதை, திறந்தவெளி ஜிம், வாசலில் ஒரு வளைவு என்று எல்லா ஊருக்கும் போடும் அதே எஸ்டிமேட் உங்களுக்கும் வரும். உங்கள் பூங்காவுக்கு அதில் எது தேவை என்று யாருக்கும் தெரியாது.

பணம் செலவழித்துக் கட்டிய பூங்காகூட ஏன் பாழாகிறது?

பராமரிப்பு இல்லாதது ஒரு காரணம். அதற்குப் பிறகு வருவோம். அதற்கு முன்பே, பூங்காவின் அமைப்பே ஆட்களை விரட்டிவிடுவது உண்டு. இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா.

நகரின் நடுவில், பொது நூலகத்தின் பின்புறம் இருக்கும் இடம் அது. 1930-களில் அதைத் திருத்தி அமைத்தபோது, தெருச் சத்தம் கேட்காத அமைதியான இடமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அதனால் தெரு மட்டத்தைவிட உயர்த்தினார்கள், இரும்பு வேலி போட்டார்கள், வேலியோரம் அடர்ந்த செடிகள் வைத்தார்கள், உள்ளே போகும் வழிகளைக் குறைத்தார்கள். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தெருவில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியவில்லை, உள்ளே இருப்பவருக்குச் சட்டென்று வெளியே வர வழியில்லை. 1970-களில் அது போதைப்பொருள் விற்கும் இடமாகிவிட்டது.

வில்லியம் வைட் என்பவர் பொது இடங்களில் மக்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்பதைப் படம் பிடித்தும் கணக்கெடுத்தும் ஆராய்ந்தவர். பிரையன்ட் பூங்காவைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன யோசனையில் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. வேலியை எடுங்கள், புதரை வெட்டுங்கள், வாசல்களை அகலமாக்குங்கள், உள்ளே நடப்பது வெளியே தெரியட்டும் என்றார். 1988-இல் பூங்காவை மூடி, நிலத்தோற்ற வடிவமைப்பாளர் லாரி ஓலின் குழுவின் வடிவமைப்பில் வேலை செய்து, 1992-இல் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் தூக்கிப் போட்டு உட்காரக்கூடிய நாற்காலிகளும் வந்தன. வெயில் வந்தால் நிழலுக்கு நகர்த்தலாம், நண்பர்கள் வந்தால் வட்டமாகப் போடலாம். நாற்காலியை எல்லாம் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் பலித்துவிடவில்லை. இன்று நியூயார்க்கில் ஆட்கள் மிக நெருக்கமாக வந்து உட்காரும் பூங்காக்களில் அதுவும் ஒன்று.

வைட் சொன்ன இன்னொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பொது இடம் நன்றாக இருக்கிறதா என்று அறிய, அங்கே வரும் பெண்களின் பங்கைப் பாருங்கள் என்பார். பாதுகாப்பு குறைந்தால் முதலில் வராமல் போவது பெண்கள்தான். நம் ஊரிலும் இதுதான் நிலைமை.

அந்த இடம் பூங்காதான் என்று உறுதி செய்வது எப்படி? பக்கத்தில் ஒருவர் ஆக்கிரமித்திருக்கிறார்.

பெரும்பாலான தெருப் பூங்காக்கள் மனைப்பிரிவு அனுமதியின்போது திறந்தவெளி ஒதுக்கீடாக, அதாவது ஓ.எஸ்.ஆர். நிலமாக, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டவை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 10 சதவீத நிலத்தை இப்படித் தந்தாக வேண்டும். அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தையும் தானப் பத்திர நகலையும் வாங்குங்கள். கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பும் கைகொடுக்கும். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை எதிர்த்து அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. உங்கள் பூங்காவில் சமுதாயக்கூடம், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை என்று ஏதாவது கட்ட யோசனை வந்தால் இந்தத் தீர்ப்பை நினைவுபடுத்துங்கள். நல்ல காரியத்துக்காகப் போன பூங்கா நிலமும் திரும்பி வருவதில்லை.

கூட்டம் போட்டால் வாக்கிங் போகிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். மற்றவர்களிடம் எப்படிக் கருத்துக் கேட்பது?

அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான். ரேஷன் கடை வரிசை, பள்ளி வாசல், ஆட்டோ ஸ்டாண்ட், இஸ்திரி வண்டி, தண்ணீர் லாரி நிற்கும் இடம் என்று அவர்கள் நிற்கும் இடம் எல்லாத் தெருவிலும் உண்டு. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் கூட்டம் என்று வாட்ஸாப்பில் போட்டால், அந்தக் குழுவில் இருப்பவர்கள்தான் வருவார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டு வேலைக்கு வந்து போகிறவர்களும் அந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள்.

கேள்வியையும் பார்த்துக் கேட்க வேண்டும். நியூயார்க்கில் பழைய சரக்கு ரயில் பாலத்தின் மேல் அமைத்த ஹைலைன் பூங்கா 2009-இல் திறந்தது. உலகமே கொண்டாடியது, சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். அதை ஒட்டியே அரசுக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே வாழ்கிறவர்கள் அவ்வளவாக மேலே ஏறி வரவில்லை. அந்தப் பூங்கா வரக் காரணமாக இருந்த இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்ட் பின்னாளில் இதை வெளிப்படையாகப் பேசினார். பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டோம், உங்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை என்ற பொருளில் சொன்னார்.

ஆகவே “நீரூற்று வேண்டுமா, சிலை வேண்டுமா” என்று கேட்காதீர்கள். “சாயங்காலம் பிள்ளைகளை எங்கே விளையாட விடுகிறீர்கள்? மதியம் சாப்பிட எங்கே உட்காருகிறீர்கள்? இந்தப் பூங்காவில் எது பயமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் கேட்க ஒரு எளிய வழி உண்டு. பூங்காவின் தரையில் சாக்பீஸால் வேண்டியதை வரையச் சொல்லுங்கள். எது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் எழுதி முடித்தபின், வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் வையுங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி வந்தவை. அங்கே பதிவானால் நாளை கவுன்சிலர் மாறினாலும் கோரிக்கை காகிதத்தில் நிற்கும்.

பத்து வயது தாண்டிய பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவதே இல்லை. கட்டுப்பாடுதான் காரணமா?

வீட்டுக் கட்டுப்பாடு ஒரு பகுதிதான். இடத்தின் அமைப்பும் அவர்களை வெளியே தள்ளுகிறது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1990-களில் இதை ஆராய்ந்தார்கள். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பூங்காவை விட்டு மறைந்துவிடுவது அங்கேயும் தெரிந்தது. பூங்கா என்றால் நடுவில் ஒரே பெரிய மைதானம், அதில் பையன்களின் பந்தாட்டம் என்று இருந்ததுதான் காரணம். இடத்துக்குப் போட்டி வந்தால் பெண் பிள்ளைகள் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். 1999-லிருந்து ஐன்சீட்லர் பூங்கா போன்ற சில இடங்களில் ஒரே மைதானத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், கைப்பந்தும் பூப்பந்தும் ஆட இடம் விட்டார்கள், பாதைகளைத் திருத்தினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பையன்களுக்கும் ஆட இடம் இருந்தது.

நம் பூங்காவிலும் இதைச் செய்ய முடியும். கிரிக்கெட் ஆடும் இடத்தைத் தாண்டித்தான் ஊஞ்சலுக்குப் போக வேண்டும் என்று வைக்காதீர்கள். நான்கைந்து பெண் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பேச, வாசலிலிருந்து கண்ணுக்குப் படும்படி ஒரு திண்ணை கட்டுங்கள். ரிங் பால், ஷட்டில் ஆட ஒரு கோர்ட் கோடு போடுங்கள். அப்புறம் கழிப்பறை. அது இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் தங்க மாட்டார்கள். தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும், விளக்கு எரியும் ஒரு கழிப்பறையை நான் நீரூற்றுக்கு எத்தனையோ படி மேலே வைப்பேன்.

குடிக்கிறார்கள், காதலர்கள் வந்து உட்காருகிறார்கள் என்று பகலில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அது சரிதானே?

குடிப்பவர்களையும் காதலர்களையும் ஒரே பட்டியலில் வைப்பதே சரியில்லை. பேசிக்கொண்டிருக்கும் இருவரால் யாருக்கும் ஆபத்தில்லை. அவர்கள் உட்கார்ந்திருப்பதால் பூங்காவில் ஆள் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

பூட்டினால் முதலில் அடிபடுவது நிழல் தேடி வருகிறவர்கள். தூய்மைப் பணியாளர், உணவு டெலிவரி செய்யும் இளைஞர், பேருந்துக்குக் காத்திருக்கும் பாட்டி ஆகியோருக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு மரத்தடியில் ஒரு இடம் தேவை. பல ஊர்களில் பூங்காக்கள் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம்தான் திறந்திருக்கின்றன. அதாவது நடைப்பயிற்சிக்காரர்களின் நேரத்தை வைத்து ஊர்ப் பூங்காவுக்கு நேரம் குறித்திருக்கிறோம்.

சென்னை அண்ணா நகர் டவர் பூங்காவில் நடந்ததைப் பாருங்கள். 1968 வணிகக் கண்காட்சிக்காகக் கட்டிய அந்தக் கோபுரத்தின் மேல் ஏறுவதைப் பாதுகாப்பு கருதி 2011-இல் தடை செய்தார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தே வளர்ந்தார்கள். 2023-இல் பாதுகாப்புக் கம்பிகள் பொருத்தி, சீரமைத்துத் திறந்துவிட்டார்கள். கம்பி பொருத்துவது 2011-லேயே முடிகிற வேலைதானே. பூட்டு போடும் முன் திறந்து வைத்தபடி செய்யக்கூடியது என்ன என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

குடிப்பவர்களைப் பொறுத்தவரை, அவர்கள் உட்காரும் மூலை ஏன் மறைவாக இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மோட்டார் அறையின் பின்பக்கமோ, இடுப்புக்கு மேல் வளர்ந்த புதரோ இருக்கும். புதரை இடுப்பளவுக்குக் கீழே வெட்டுங்கள், மரக்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி விடுங்கள். கேரம் போர்டு, சதுரங்க மேசை, தினசரிகள் வைக்கும் ஒரு சின்ன வாசகசாலை ஆகியவற்றை அந்த மூலைக்கே கொண்டு போங்கள். ஆள் நடமாட்டம் வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குப் போலீஸ் ரோந்து வேண்டியிருக்கலாம், அதையும் கேட்டு வாங்குங்கள்.

சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம்?

உட்காரும் உயரம் போதும். அதற்கு மேல் கம்பி வேலி, உள்ளே தெரிகிற மாதிரி. ஆள் உயரச் சுவர் வேண்டாம். வாசல் ஒன்றுக்கு மேல் இருக்கட்டும், குடிசைப் பகுதிப் பக்கமும் ஒன்று.

எந்த மரங்கள் வைக்கலாம்? இருக்கிற மரத்தை வெட்டித்தான் வடிவமைக்க வேண்டும் என்கிறார் காண்ட்ராக்டர்.

இருக்கிற மரத்தைச் சுற்றித்தான் வடிவமைக்க வேண்டும். மரம் கொடுக்கும் நிழலைக் கட்டுமானம் எதுவும் கொடுக்காது. புது மரம் அந்த அளவு வளரப் பதினைந்து இருபது வருடம் ஆகும். அரசு நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் காண்ட்ராக்டரிடம் சொல்லுங்கள்.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. விழுந்தவற்றில் குல்மொஹர், இயல்வாகை போன்ற வெளிநாட்டு வகைகள் நிறைய. புங்கன், பூவரசு, புன்னை, மகிழம், இலுப்பை, வேம்பு, நீர்மருது, சரக்கொன்றை இவையெல்லாம் நம் மண்ணுக்கும் காற்றுக்கும் பழகியவை. கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் பச்சை தெரிகிறதே என்று ஊர் முழுக்க வைத்தார்கள். குஜராத் 2023-இல் தடை செய்தது, தமிழ்நாடும் பிறகு தடை செய்தது.

மரத்தின் அடியில் சிமெண்ட் பூசுவது நம் ஊர்ப் பூங்காக்களில் தினம் நடக்கும் கொலை. வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது, அடுத்த புயலில் மரம் சாயும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு கான்கிரீட்டை எடுக்க உத்தரவிட்டது. அந்த அளவை உங்கள் எஸ்டிமேட்டிலும் எழுதச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றி மேடை கட்டியே ஆக வேண்டுமென்றால் தள்ளிக் கட்டுங்கள், உள்ளே மண் நிரப்பி அடிமரத்தை மூடாதீர்கள்.

காடுபோல ஒரு மூலை வேண்டும் என்று ஆசை இருந்தால் சென்னை கோட்டூர்புரம் மரப்பூங்காவைப் போய்ப் பாருங்கள். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிய இடம் அது. ‘நிழல்’ அமைப்பும் தன்னார்வலர்களும் பொதுப்பணித் துறை நிலத்தில் நாட்டு மரங்களாக வைத்து வளர்த்தார்கள். விலையுயர்ந்த பொருள் எதுவும் அங்கே இல்லை, வாரம் தவறாமல் வந்த கைகள் இருந்தன.

மழை பெய்தால் குளமாகிவிடுகிறது. மண் கொட்டி மேடாக்கலாமா?

வேண்டாம். நீங்கள் மேடாக்கினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீடுகளுக்குள் போகும். தாழ்வான பூங்கா என்பது தெருவுக்குக் கிடைத்த வரம். சென்னை மாநகராட்சி இப்போது பல பூங்காக்களில் மழைநீர் தேங்கி இறங்கும் குட்டைகளை வெட்டியிருக்கிறது. பூங்காவின் தாழ்ந்த பகுதியை ஆழம் குறைந்த, சரிவான கரை உள்ள குழியாக விட்டு, நடுவில் உறைகிணறு இறக்கினால் தண்ணீர் நிலத்துக்குள் போகும். மழை இல்லாத மாதங்களில் அதுவே பிள்ளைகள் ஓடி விளையாடும் பள்ளம்.

முதலில் மண்ணைப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடல் மணல், தண்ணீர் உடனே இறங்கும். களிமண் பகுதியில் இறங்காது, உறைகிணற்றின் ஆழமும் எண்ணிக்கையும் கூட வேண்டும். கொசுவுக்குப் பயந்து கேட்பவர்களுக்கு: முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். இரண்டு மூன்று நாளில் வற்றும்படி அமைத்தால் கொசு வளராது. தரை முழுக்க பேவர் பிளாக் போடாமல் இருப்பதே பாதி வேலை.

விளையாட்டுச் சாமான்கள்?

ஊஞ்சல் போதுமான அளவு வையுங்கள், எல்லா வயதுப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பது அதற்குத்தான். சறுக்குமரத்தை மரநிழலில் வையுங்கள், வெயிலில் இரும்பும் பிளாஸ்டிக்கும் தொடை சுடும். அடியில் ஒரு அடி ஆழத்துக்கு மணல், தினம் கிளறிச் சுத்தம் செய்ய ஓர் ஆள். ரப்பர் தரை பார்க்கப் பளிச்சென்று இருக்கும், நம் வெயிலில் கால் வைக்க முடியாது. நட்டு போல்ட் உள்ளூர்க் கடையில் கிடைக்கிற அளவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இது கட்டாயம். சாய்தளம் 12 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது. இருசக்கர வண்டி நுழையாமலிருக்க வாசலில் வைக்கும் கம்பித் தடுப்புதான் பெரும்பாலும் சக்கர நாற்காலியை நிறுத்துகிறது. நாற்காலி ஒன்றைக் கடன் வாங்கி நீங்களே ஒருமுறை உள்ளே தள்ளிப் பாருங்கள்.

பணம் யார் தருவார்கள்?

மாநகராட்சியின் சொந்த நிதி முதல் வழி. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி, இரண்டிலும் பூங்காவுக்குக் கேட்கலாம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். நம் பணம் இருப்பதால் வேலையைத் தட்டிக்கேட்கும் தைரியமும் வரும். ஆனால் பணம் புரட்ட முடியாத பகுதிக்கு இந்தத் திட்டம் எட்டாது என்பதால், வசதியுள்ள தெருவும் வசதியில்லாத தெருவும் ஒரே பூங்காவுக்குச் சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது.

நிறுவனங்களும் தத்தெடுக்கின்றன. மயிலாப்பூர் லஸ் அருகே நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுந்தரம் ஃபைனான்ஸ் பராமரிக்கிறது. அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பிள்ளைகள் கச்சேரி செய்வார்கள், பக்கத்தில் சதுரங்கம் நடக்கும். ஒப்பந்தம் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெயர்ப்பலகை வைக்கலாம். நுழைவுக் கட்டணம், நேரம், யாரை உள்ளே விடுவது என்ற முடிவுகள் மாநகராட்சியிடமும் மக்களிடமும்தான் இருக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் சுண்டல், பூ, இளநீர் வண்டிகளை எடுக்கச் சொல்லலாமா?

எதற்கு? இருட்டிய பிறகும் வாசலில் விளக்கும் ஆளும் இருப்பது அவர்களால்தான். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பும் தருகிறது. வண்டி நிற்க இடம், குப்பைத் தொட்டி, ஒரு குழாய் ஆகியவற்றை வரைபடத்திலேயே காட்டுங்கள்.

திறப்பு விழா முடிந்து ஒரு வருடத்தில் பழையபடி ஆகிவிடுமே?

ஆகும், பராமரிப்பை இப்போதே எழுதாவிட்டால். கட்டுமானத்துக்கு டெண்டர் விடும்போதே குறைந்தது மூன்று வருடப் பராமரிப்பையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தோட்டக்காரர் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவார்கள், சம்பளம் என்ன, மோட்டாருக்கு ஈபி பில் கட்டுவது யார் என்ற நான்கும் காகிதத்தில் இருக்கட்டும். தோட்டக்காரரின் சம்பளம் மாதம் தவறாமல் வருகிறதா என்று சங்கம் விசாரிக்க வேண்டும். அவருக்கு ஒரு அறை, குடிநீர், கழிப்பறை இல்லாமல் பூங்கா வடிவமைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

பழுதை யார் எப்போது சொன்னார்கள் என்று வாசலில் ஒரு கரும்பலகையில் தேதியோடு எழுதி வையுங்கள். சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணையும் பலகையில் எழுதுங்கள். ஊஞ்சல் சங்கிலி அறுந்து ஒரு மாதம் ஆகிறது என்பது தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியட்டும்.

பணம் வர நாளாகும். அதுவரை என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை புதரை வெட்டி, குப்பை அள்ளி, வீடுகளிலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து போடுங்கள். கயிறு கட்டி நடைபாதையை மாற்றிப் பாருங்கள், இரண்டு தற்காலிக விளக்கு கட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பாண்டி ஆடக் கோடு போடுங்கள். நாற்காலிகளை யார் எங்கே நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள் என்று படம் எடுத்து வையுங்கள். நிரந்தர பெஞ்சுகள் எங்கே வர வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. மாநகராட்சியின் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) பார்வையிட வரும் நாளில் அந்தப் படங்களையும் நோட்டுப் புத்தகத்தையும் அவர் கையில் கொடுங்கள்.